அம்மாவின் சிலேட்டும் 43 ரூபாய் 54 பைசாவும்

"தம்பி, சிலேட்டு பேச மாட்டேங்குதுடா."

2025 மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கும்பகோணத்துலேர்ந்து அம்மா போன். அம்மாவுக்கு டேப்லெட்னா சிலேட்டு. கூடத்துல டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு மரப் பலகை மேல சாய்ச்சு வச்சிருப்பாங்க. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாதாப்பூர்லேர்ந்து நாங்க ஸ்கைப்ல கூப்பிடணும். அஞ்சு நிமிஷம் லேட்டானா, "என்னடா, இட்லி ஆறிப்போச்சா இன்னும் இல்லையா"ன்னு போன் வந்துடும். பன்னெண்டு வருஷமா இதுதான் எங்க வீட்டுப் பழக்கம்.

சிலேட்டு மேல தப்பு இல்லை. 2003ல ஆரம்பிச்ச ஸ்கைப்பை 2025 மே 5ஆம் தேதியோட மைக்ரோசாஃப்ட் மூடிட்டாங்க. நம்மள மாதிரி ஊரை விட்டு வந்தவங்களுக்கு அது வெறும் மென்பொருளா? ஹெட்போனை மாட்டிக்கிட்டு "கேக்குதா... கேக்குதா... முகம் தெரியுது, சத்தம் வரலை"ன்னு கத்தாத குடும்பம் உண்டா? சரி, போனது போச்சு, வேற ஆப் போட்டுக்கலாம்னு அம்மாவை போன்ல உக்கார வச்சு ஒவ்வொரு பட்டனா அமுக்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழிச்சு அம்மா எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க: இந்த ஆப் உங்கள் கருவிக்குப் பொருந்தாது.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2013 தீபாவளிக்கு வாங்கின டேப்லெட் அது. இருபதாயிரம் ரூபாய். அப்ப நான் மாதாப்பூருக்கு மாற்றலாகி வந்த புதுசு. சுத்தி எல்லாரும் பொட்டி தட்டுறவங்க. 1998ல சைபர் டவர்ஸ் திறந்ததுக்கு அப்புறம் இந்த ஏரியாவே அவங்களுக்காக வளர்ந்ததுதானே. லிஃப்ட்ல ஏறினா ஆளுக்கொரு டேப்லெட் கையில. நாமளும் அப்பாவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுப்போம்னு ஒரு வீம்பு. அப்பா ரிட்டயர்டு வாத்தியார். மூணே நாள்ல கத்துக்கிட்டார். பேப்பர் படிப்பார், பேரனோட பேசுவார், குறிப்பெழுதுற ஆப்ல என்னென்னமோ தட்டி வச்சுக்குவார். 2019ல அப்பா போனப்புறம் சிலேட்டு அம்மாவோடதாச்சு.

நடுவுல ஒரு தடவை பெரிய அப்டேட் வந்துச்சு. "புதிய வசதிகள்"னு போட்டிருந்ததைப் பாத்து அப்பா "சரி"ன்னு அமுக்கிட்டார். அதுவரைக்கும் தட்டினா திறந்துகிட்டிருந்தது, அப்புறம் தட்டிட்டு ஒரு வாய் காபி குடிச்சுட்டு வந்தா திறக்கும். திரும்பப் பழசுக்குப் போறது எப்படின்னு எங்க யாருக்கும் தெரியலை. அதுக்கடுத்து கொஞ்ச நாள்ல அப்டேட் வர்றதே நின்னுபோச்சு. ஆண்ட்ராய்டு 6லயே நின்னுடுச்சு.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2011ல வந்த ஐபேட் 2, ஐஓஎஸ் 4ல ஆரம்பிச்சு 2015ல வந்த ஐஓஎஸ் 9 வரைக்கும் ஏறுச்சு. ஏற ஏற நிறைய பேரோடது மெதுவாச்சு. பழைய பதிப்புக்கு இறங்கலாம்னா, ஆப்பிள் அதுக்கு ஒப்புதல் குடுக்கறதை நிறுத்தின பிறகு வழி கிடையாது. ஏறலாம், இறங்க முடியாது. 2018 அக்டோபர்ல இத்தாலியில போட்டி ஆணையம், அப்டேட் குடுத்துப் பழைய போன்களை மெதுவாக்கினதுக்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டுச்சு. போனுக்குப் போட்டதுதான், டேப்லெட்டுக்கு இல்லை. ஆனா நோய் ஒண்ணுதான்.

அப்டேட் போட்டா மெதுவாகுது. அப்ப போடாமயே இருந்துடலாமே? நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுவும் முடியாது. ஏன்னு எங்க தொழில் பாஷையிலயே சொல்றேன்.

வங்கியில செக் வந்தா, கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோட ஒத்துப் பாப்போம். இணையத்துலயும் அப்படித்தான். ஒரு தளத்தைத் திறக்கும்போது, அது நிஜமான தளம்தானான்னு உங்க டேப்லெட் தன்கிட்ட இருக்கற மாதிரிக் கையெழுத்துகளோட ஒத்துப் பாக்குது. லெட்ஸ் என்க்ரிப்ட்னு ஒரு அமைப்பு ஏகப்பட்ட தளங்களுக்கு இலவசமா சான்றிதழ் குடுக்குது. அவங்களோட சொந்தக் கையெழுத்து, ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்தின கருவிகள்ல கிடையாது. அதனால வேறொரு பழைய அமைப்போட கையெழுத்தையும் சேர்த்துப் போட்டு வண்டியை ஓட்டிக்கிட்டிருந்தாங்க. அந்த ஏற்பாடு 2024 செப்டம்பர் 30ல முடிஞ்சுது. பழைய டேப்லெட்ல பல தளங்கள் "பாதுகாப்பற்ற இணைப்பு"ன்னு பயமுறுத்தறதுக்கு இது ஒரு காரணம். கருவி கெட்டுப் போகலை. கையெழுத்துக் கட்டு பழசாயிடுச்சு, புதுசு அனுப்ப ஆள் இல்லை.

அம்மாவோட சிலேட்டைப் பாத்தீங்கன்னா கண்ணாடியில ஒரு கீறல் கிடையாது. அம்மா அதுக்கு மல்லுத் துணியில உறை தச்சுப் போட்டிருக்காங்க. ஸ்பீக்கர் கணீர்னு பேசும். பேட்டரி மட்டும் ஒரு தடவை மாத்தினேன், இங்க அபிட்ஸ் ஜகதீஷ் மார்க்கெட்ல. உடம்பு நல்லா இருக்கு, ஆனா ஊர்ல யாரும் அதோட பேச மாட்டேங்கறாங்க. அம்மா நிலைமையும் கொஞ்சம் அப்படித்தானோன்னு தோணுச்சு. அந்த நெனப்பை அப்படியே அமுக்கிட்டேன்.

தங்கமணி சொன்னாங்க, "என்னங்க இது, பத்தாயிரம் ரூபாய்க்குப் புது டேப்லெட் கிடைக்குது. அத்தைக்கு ஒண்ணு வாங்கி அனுப்புங்க." நியாயமான பேச்சு. அம்மாகிட்ட சொன்னேன். "இதுதான் நல்லா இருக்கே. அப்பா வச்சிருந்தது. புதுசு எதுக்கு?"ன்னுட்டாங்க.

அப்பத்தான் என் பையன் நடுவுல வந்தான். ப்ளஸ் டூ. "அப்பா, கம்பெனி கைவிட்டா என்ன? லினியேஜ் ஓஎஸ் போடலாம். நான் பாத்துக்கறேன்."

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஆண்ட்ராய்டோட மூல நிரலை கூகுள் எல்லாருக்கும் திறந்து வச்சிருக்காங்க. அதை எடுத்து, கம்பெனிகள் கைவிட்ட போன், டேப்லெட்டுக்கெல்லாம் பொருந்தற மாதிரி தன்னார்வலர்கள் செஞ்சு தர்றாங்க. முன்னாடி சயனோஜென்மாட்னு ஒண்ணு இருந்துச்சு. 2016 டிசம்பர்ல அதை மூடினப்ப, அதுலேர்ந்து கிளைச்சு வந்ததுதான் லினியேஜ் ஓஎஸ். காசு கிடையாது. ஒரு மாடலுக்கு யாராவது ஒருத்தர் மெனக்கெட்டு உக்காந்தாத்தான் அது உயிரோட இருக்கும்.

2025 தசரா லீவுக்கு ஊருக்குப் போனோம். சார்மினார் எக்ஸ்பிரஸ்ல சென்னை, அங்கேர்ந்து வேற வண்டி. திண்ணையில லாப்டாப்பையும் சிலேட்டையும் யூஎஸ்பி வயரால இணைச்சு பையன் ஆரம்பிச்சான். முதல்ல பூட்லோடர்னு ஒரு பூட்டைத் திறக்கணுமாம். "அப்பா, இதைத் திறந்தா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சுடும். எல்லாம் எடுத்தாச்சா?"ன்னு கேட்டான். போட்டோ எல்லாம் லாப்டாப்புக்கு மாத்தியாச்சு, வீடியோ மாத்தியாச்சு. "எடுத்தாச்சுடா"ன்னு நான்தான் சொன்னேன். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

ரெண்டு மணி நேரத்துல ஆண்ட்ராய்டு 11 ஏறிடுச்சு. ஆப் எல்லாம் போட முடிஞ்சுது. சாயங்காலம் அம்மா அதே சிலேட்டுல என் தங்கச்சியோட வீடியோவுல பேசினாங்க. நான் மெக்கானிக் ஷெட்லேர்ந்து அம்பாசிடர் காரை ஓட்டிக்கிட்டு வந்த மாதிரி பெருமையா நின்னேன்.

ஆனா கணக்குப் படிச்சவன், ரெண்டு பக்கமும் எழுதணும் இல்லையா? வரவு எழுதியாச்சு, இப்ப பற்று.

முதல் பற்று: "புதுசு"ங்கற வார்த்தை. ஆண்ட்ராய்டு 11 வந்தது 2020ல. அதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் குடுக்கறதை கூகுளே 2024ல நிறுத்திட்டாங்க. பழைய டேப்லெட்டுக்கு நாம போடற புது சிஸ்டம், கடையில இருக்கற புது சிஸ்டம் இல்லை. அதோட, தன்னார்வலர்கள் மாத்தறது மேல் மாடியைத்தான். சில்லு தயாரிச்சவங்க குடுத்த அடித்தள நிரல் பழையபடியேதான் இருக்கும். அதைத் திருத்த அவங்க கையில மூலம் இல்லை. லினியேஜ் ஓஎஸ் இதை மறைக்கறதும் இல்லை. செட்டிங்ஸ்ல போனா, மேல்தளத் திருத்தத் தேதி, அடித்தளத் திருத்தத் தேதின்னு தனித்தனியா காட்டுது. நம்மூர்ல சில புது வீடுகளும் இப்படித்தான், பெயிண்ட் புதுசு, அஸ்திவாரம் தாத்தா போட்டது.

ரெண்டாவது பற்று: அம்மாவோட கை. பழைய சிலேட்டுல பேசற பட்டன் கீழ இடது ஓரம். இப்ப அது அங்க இல்லை. நாலு நாள் அம்மா அந்த வெத்து இடத்தையே அமுக்கிக்கிட்டிருந்தாங்க. "அப்பாயி, இங்க பாருங்க"ன்னு பையன் பொறுமையா சொல்லிப் பாத்தான். அப்புறம் அவனே யோசிச்சு, முகப்புல இருந்த எல்லாத்தையும் எடுத்துட்டு, பழைய எடத்துலயே நாலே நாலு பெரிய பட்டனை வச்சுக் குடுத்தான். அன்னிக்குத்தான் வேலை முடிஞ்சுது. சிஸ்டம் ஏத்த ரெண்டு மணி நேரம், அம்மா கைக்கு அதைப் பழக்க நாலு நாள். நிறைய பேர் முதல் ரெண்டு மணி நேரத்தோட ரயிலேறிடறோம்.

மூணாவது பற்று பெருசு.

நாங்க ஐதராபாத் திரும்பி மூணு வாரம் கழிச்சு அம்மா கேட்டாங்க. "தம்பி, இதுல அப்பா எழுதி வச்சிருந்த கணக்கு எங்கடா?"

எங்களுக்கு மூணு மா நிலம் இருக்கு, குத்தகைக்கு விட்டிருக்கோம். எந்த வருஷம் எத்தனை மூட்டை வந்துச்சு, யாருக்கு எவ்வளவு விட்டுக் குடுத்தார், யார் பாக்கி, எல்லாத்தையும் அப்பா அந்தக் குறிப்பு ஆப்ல தட்டி வச்சிருந்திருக்கார். அது எந்தக் கணக்கோடயும் இணையாத, அந்தக் கருவிக்குள்ளயே இருக்கற ஆப். போட்டோவை எடுத்தேன், வீடியோவை எடுத்தேன், இதை எடுக்கலை. இருக்குன்னே எனக்குத் தெரியாது. பையன் என்னென்னமோ மீட்டெடுக்கற மென்பொருள் எல்லாம் போட்டுப் பாத்தான். வரலை.

"சரி விடு. பாதி எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னாங்க அம்மா. மீதிப் பாதியைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.

இருபது வருஷத்துக்கு மேல வங்கியில இருக்கேன். ஒரு ரெண்டு ரூபாய் வித்தியாசம் வந்தா வீட்டுக்குப் போகாம உக்காந்து தேடினவன். ஆபீஸ்ல பேக்கப் இல்லாம ஒரு எலியைக்கூட அசைக்க விடமாட்டேன். வீட்டுல, பொருளோட சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேக்காம, "எடுத்தாச்சுடா"ன்னு சொல்லிட்டேன். பையன் கேட்ட கேள்வியை நான் அம்மாகிட்ட கேட்டிருக்கணும். காசு குடுத்து வாங்கினவன் நான்ங்கறதால, உள்ள இருக்கறதும் எனக்குத் தெரியும்னு ஒரு நெனப்பு.

சரி, இதுக்கும் என் வேலைக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு.

எங்க கிளைக்கு வர்ற பெரியவங்கள்ல பாதிப் பேர் இங்க பொட்டி தட்டுறவங்களோட அப்பா அம்மா. வருஷா வருஷம் நவம்பர்ல உயிர்வாழ் சான்றிதழ் குடுக்க வருவாங்க. கையில பிள்ளை அமெரிக்காவுலேர்ந்து குடுத்தனுப்பின பழைய டேப்லெட் இருக்கும். "பாபு, இதி பனி சேயட்லேது"ன்னு நீட்டுவாங்க. வங்கி ஆப்பைத் தட்டினா, உங்கள் கருவி ஆதரிக்கப்படவில்லைன்னு வரும். ரொம்பப் பழைய ஆண்ட்ராய்டு, இல்லாட்டி பேரன் பூட்டைத் திறந்து வேற சிஸ்டம் போட்டது.

இங்க நான் வங்கி பக்கம்தான் பேசுவேன், கோவிச்சுக்காதீங்க. ஆப் அப்படி மறுக்கறது சரி. கருவியோட பாதுகாப்பு நிலையைச் சரிபார்க்கணும்னு ரிசர்வ் வங்கியோட 2021 பிப்ரவரி வழிகாட்டுதலே சொல்லுது. பூட்டு திறந்த கருவியில எவன் எதைச் செருகியிருக்கான்னு ஆப்புக்குத் தெரியாது. அந்த மறுப்பைச் சுத்தி ஏமாத்தறதுக்கு வழி இருக்குன்னு பசங்க சொல்லுவாங்க. செய்யாதீங்க. போறது உங்க அப்பாவோட பென்ஷன் பணம்.

வங்கிகள் மட்டும் ஒழுங்கான்னு கேட்டா, ஒழுங்காக்கப்பட்டோம்னு சொல்லலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தினது 2014 ஏப்ரல் 8. அதுக்கப்புறமும் வருஷக் கணக்கா நாட்டுல ஏகப்பட்ட ஏடிஎம் அதுலயே ஓடிக்கிட்டிருந்துச்சு. கடைசியில 2018 ஜூன்ல ரிசர்வ் வங்கி தேதி போட்டு உத்தரவு அனுப்பிச்சு: செப்டம்பர் 2018க்குள்ள 25 சதவீதம், டிசம்பருக்குள்ள 50, மார்ச் 2019க்குள்ள 75, ஜூன் 2019க்குள்ள மொத்தமும் மாறணும். தேதி போட்டப்புறம்தான் வேலை வேகமா நடந்துச்சு. ஏடிஎம்முக்குக் கேக்க ஒரு ரிசர்வ் வங்கி இருக்கு. அம்மாவோட சிலேட்டுக்கு யார் இருக்கா?

விண்டோஸ் 10ம் அப்படித்தான், 2025 அக்டோபர் 14ல முடிஞ்சுது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும்னு தவணை நீட்டிப்பு மாதிரி ஒண்ணு குடுத்தாங்க. ஆனா ஒண்ணு, அந்தத் தேதி எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். டேப்லெட் வாங்கும்போது அந்தத் தேதியை எத்தனை பேர் பாத்திருக்கீங்க?

இந்த ஊரையே எடுத்துக்குங்க. ஆகாஷ் டேப்லெட் ஞாபகம் இருக்கா? 2011 அக்டோபர் 5ல டெல்லியில கபில் சிபல் வெளியிட்டாரே, மாணவர்களுக்கான மலிவு விலை டேப்லெட். அதை அசெம்பிள் பண்ணது ஐதராபாத்லதான். உள்ள இருந்தது ஆண்ட்ராய்டு 2.2, அதாவது 2010 மே மாசத்து சரக்கு. ஆகாஷ் வெளிவந்த ரெண்டே வாரத்துல கூகுள் ஆண்ட்ராய்டு 4.0வை அறிவிச்சுட்டாங்க. நினைவகம் 256 எம்பி. புது சிஸ்டம் ஏத்த இடமே கிடையாது. பொறந்தப்பவே வயசான குழந்தை. 2012 நவம்பர்ல ஆகாஷ் 2, ஆண்ட்ராய்டு 4.0வோட வந்துச்சு. முதல் ஆகாஷை வாங்கினவனுக்கு அதனால என்ன பிரயோஜனம்?

அதே 2011ல, செப்டம்பர் 15ல, நம்ம தமிழ்நாட்டுல விலையில்லா லாப்டாப் திட்டம் தொடங்குச்சு. அதுல விண்டோஸோட கூடவே பாஸ் லினக்ஸும் போட்டுக் குடுத்தாங்க, சென்னை சி-டாக்ல உருவாக்கினது. என் அக்கா பொண்ணுக்குக் கிடைச்சுது. விண்டோஸ் 7 2020 ஜனவரியில செத்துப்போச்சு. எடை குறைஞ்ச லினக்ஸ் ஒண்ணைப் போட்டு அந்த லாப்டாப் இன்னமும் அக்கா வீட்டுல கடிதம் அடிக்கவும் பாட்டு கேக்கவும் ஓடுது. லாப்டாப்ல பூட்டு கிடையாது, வேற சிஸ்டம் போட யாரையும் கேக்க வேண்டாம். டேப்லெட்ல மட்டும், காசு குடுத்து வாங்கின பொருளுக்குள்ள நுழையறதுக்கே கம்பெனி மனசு வைக்கணும். சில கம்பெனிகள் பூட்டைத் திறக்கவே விடறதில்லை. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனா பொருளோட ஆயுசையே இதுதான் தீர்மானிக்குது.

பி.காம்ல தேய்மானம்னு ஒரு பாடம் உண்டு. ஒரு சொத்து எத்தனை வருஷம் உழைக்கும்னு முதல்லயே மதிப்புப் போடணும். கம்பெனிச் சட்டம் 2013, இரண்டாம் அட்டவணைப்படி லாப்டாப் மாதிரி சாதனங்களுக்கு மூணு வருஷம். வருமான வரிக்குன்னா கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம், குறைந்து செல்லும் மதிப்பு முறை. சும்மா இருக்கமாட்டாம அம்மாவோட சிலேட்டுக்குப் போட்டுப் பாத்தேன். 20,000 ரூபாய், ஒரு வருஷத்துல 12,000, அடுத்து 7,200... பன்னெண்டு வருஷம் முடிஞ்சா 43 ரூபாய் 54 பைசா. ரெண்டு கத்தை கொத்தமல்லி. ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு அந்த முகத்தைப் பாக்கறதுக்கு எந்தப் பத்தியில எழுதறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை.

விளையாட்டு இருக்கட்டும். கம்பெனிகள்கிட்ட நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்ல கூட எந்தத் தேதி வரைக்கும் நல்லதுன்னு போட்டிருக்கு. ஆயிரக்கணக்குல விலை வச்சு விக்கற டேப்லெட் பெட்டி மேல, பாதுகாப்புத் திருத்தம் இந்தத் தேதி வரைக்கும்னு போடணும். அந்தத் தேதி முடிஞ்சதும் பூட்டைத் திறந்து விட்டுடணும். அப்புறம் நாங்க பாத்துக்கறோம். கடன் குடுக்கும்போது தவணைக் காலம் எழுதாம கையெழுத்து வாங்கினா எங்களை விடுவீங்களா?

நடக்காத காரியமும் இல்லை. பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29லேர்ந்து, போன், கேமரா மாதிரி இணையத்துல சேர்ற வீட்டுப் பொருட்களுக்கு பாதுகாப்புத் திருத்தம் எது வரைக்கும்னு தயாரிப்பாளர் சொல்லியே ஆகணும். ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் 20லேர்ந்து போனுக்கும் டேப்லெட்டுக்கும் விதி வந்திருக்கு: கம்பெனி வெளியிடற இயங்குதள அப்டேட், அந்த மாடலைச் சந்தையில விடறதை நிறுத்தின பிறகும் குறைஞ்சது அஞ்சு வருஷம் இலவசமா கிடைக்கணும். நம்ம நாட்டுல 2022 டிசம்பர் 24ல ரிப்பேர் உரிமைக்குன்னு நுகர்வோர் துறை ஒரு இணையதளம் திறந்துச்சு. பொருளுக்கு ரிப்பேர் மதிப்பெண் போடறதைப் பத்தி 2025 மேல ஒரு குழு அறிக்கையும் குடுத்துச்சு. திருகாணி கழட்ட முடியுமா, உதிரி பாகம் கிடைக்குமான்னு பாக்கறதோட நிக்காம, மென்பொருள் தேதியையும் அந்த மதிப்பெண்ல அழுத்தமா சேர்க்கணும். சிலேட்டைச் சாகடிச்சது திருகாணி இல்லையே.

அதெல்லாம் வர்ற வரைக்கும், சூடு பட்ட பூனையா நாலு வார்த்தை.

1. பழைய டேப்லெட்டுக்குப் புது சிஸ்டம் போடறது தப்பில்லை. பேச, படிக்க, பாட்டு கேக்க, போட்டோ பாக்கத் தாராளமா போதும். பணம் மட்டும் அதுல வேண்டாம். பேச்சுக்கு ஒரு கருவி, பணத்துக்கு ஒரு கருவி. பணத்துக்கானது கம்பெனி இன்னமும் அப்டேட் குடுக்கற, பூட்டு திறக்காத போனா இருக்கட்டும்.

2. கம்பெனியே குடுக்கற அப்டேட்னாலும், உங்க மாடல்ல ஏற்கனவே ஏத்தினவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு ஏத்துங்க. பல கருவிகள்ல இறங்க வழி கிடையாது.

3. பேட்டரி உப்பியிருந்தா முதல்ல அதைப் பாருங்க. பின்பக்கம் லேசாத் தூக்கிக்கிட்டு இருந்தா சார்ஜ் போடறதை நிறுத்திட்டு கடைக்குக் கொண்டு போங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

4. அழிக்கறதுக்கு முன்னாடி, யார் பயன்படுத்தறாங்களோ அவங்க பக்கத்துல உக்காந்து, "இதுல உனக்கு என்னென்ன வேணும்மா?"ன்னு கேட்டு, ஒவ்வொரு ஆப்பா திறந்து பாருங்க. போட்டோ மட்டும்தான் ஞாபகம்னு நெனைக்காதீங்க.

5. பட்டன் எல்லாம் பழைய எடத்துல இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ரயிலேறுங்க.

அப்பாவோட கணக்குல பாதியை இப்ப நாங்க திரும்ப எழுதிக்கிட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமை இட்லி முடிஞ்சதும் அம்மா சிலேட்டுல சொல்லுவாங்க, நான் இங்க நோட்டுல எழுதுவேன். "2016ல தண்ணி வரலை, அப்பா பாதி குத்தகையை விட்டுட்டார்னு எழுதிக்க." எழுதிக்கறேன். நாப்பது பக்க நோட்டு, மசி பேனா. பதினோரு பக்கம் ஆயிருக்கு.

ஐரோப்பாவுலயும் பிரிட்டன்லயும் இருக்கறவங்க சொல்லுங்க, பெட்டி மேல நிஜமாவே தேதி போடறாங்களா? இல்லை, அங்கயும் பொடி எழுத்துல எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்காங்களா?

டிஸ்கி: மேல சொன்னதெல்லாம் என் சொந்தக் கருத்து, நான் வேலை பாக்கற வங்கியோடது இல்லை. அந்த 43 ரூபாய் 54 பைசாவை யாரும் வரிக் கணக்குல காட்டிடாதீங்க, சொந்த உபயோகப் பொருளுக்குத் தேய்மானம் கிடையாது :-)